பெயரை விடுங்கள், வருடத்தைக் கேளுங்கள்: புளூ ஜேஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் ஏஜாக்ஸிலும் இருந்துகொண்டு, மைதானம் பூட்டிக் கிடக்கிற இந்த 2026 ஜனவரியிலும், எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸுக்கு எந்தப் பிட்சரை (பந்தெறிபவரை) எடுப்பது என்று சண்டை பிடிக்கிற அண்ணாமாரே, அக்காமாரே, தம்பி தங்கச்சிமாரே,

வணக்கம்.

2025 வேர்ல்ட் சீரிஸ் என்கிற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸையும் தாண்டி, பதினோராவது இன்னிங்ஸில் 5-4 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் கைநழுவிப் போனது. அந்தக் கோபம் ஆறுவதற்கு முன்பே, நவம்பர் முடிவதற்குள், பிட்சர் டிலன் சீஸுக்கு 7 வருடத்துக்கு 210 மில்லியன் அமெரிக்க டொலர் என்று பேசி முடித்து நிர்வாகம் எங்கள் வாயை அடைக்கப் பார்த்தது. டிசம்பரில், கொரிய லீக்கில் 17 வெற்றி 1 தோல்வி என்று ஆடி முடித்த கோடி பொன்ஸுக்கு 3 வருடம், 30 மில்லியன். வாய் அடைபட்டதா? இல்லை. "ஃபிராம்பர் வால்டெஸ் இன்னும் சந்தையில்தான் நிற்கிறான், அவனையும் கையோடு எடு" என்கிறது ஒரு கட்சி. "8 வெற்றி 12 தோல்விக்காரனுக்கு 210 மில்லியனா, இவங்களுக்கு என்ன பைத்தியமா" என்கிறது இன்னொன்று. "ஒரு சதமும் செலவழிக்காமல் பொத்தி வை, அடுத்த குளிர்காலம் டெட்ரோயிட்டின் டாரிக் ஸ்கூபல் வருவான்" என்பவர்கள் மூன்றாவது கட்சி. பிறந்தநாள் வீடு, செத்தவீடு, கோயில் மண்டபம் எங்கே போனாலும் இந்த மூன்று கட்சியிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மூன்று கட்சிக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் யாரை எடுப்பது என்று மோதுகிறீர்கள். எத்தனை வருடத்துக்கு எடுப்பது என்று மோதுங்கள். ஸ்டார்ட்டர் (ஆட்டத்தை முதலில் எறிந்து தொடங்குகிற பிட்சர்) ஒருவரை விலைக்கு வாங்கும்போது அணியைக் கெடுப்பது டொலர் அல்ல, வருடம். ரொறன்ரோவின் கடந்த பத்து வருடமே இதற்குச் சாட்சி.

முதலில் இந்தச் சந்தை எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அங்கே அணி கையைத் தூக்கும், வீரர் போய்ச் சேருவார். இங்கே மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடித்தவர் ஃப்ரீ ஏஜென்ட்; எங்கே போவது என்று அவரே தீர்மானிப்பார். பல்கலைக்கழகம் முடித்து 21, 22 வயதில் ட்ராஃப்ட் என்கிற வருடாந்தத் தெரிவில் ஓர் அணிக்குத் தெரிவாகி, கீழ்மட்டமான மைனர் லீக்கில் இரண்டு மூன்று வருடம் கழித்து, 24 வயதில் மேலே வந்தால் ஆறு வருடம் முடியும்போது 30. அதுவரை அவரைக் கொண்டு நடத்தும் அணி முதல் மூன்று வருடம் ஏறக்குறைய அடிப்படைச் சம்பளமே கொடுக்கும். 2026க்கு அது 780,000 டொலர். எங்கள் இளம் பிட்சர் ட்ரே யெசாவேஜ் இந்த வருடம் வாங்கப்போவதும் கிட்டத்தட்ட அதைத்தான். அடுத்த மூன்று வருடம் சம்பளத்துக்கு நடுவர் முன் பேரம். ஆக, கை மிகவும் நன்றாக இருக்கும் வருடங்களை முதல் அணி மலிவாக எடுத்துக்கொள்கிறது. சந்தைக்கு வருவது முப்பது வயதுக்காரர்கள். சீஸுக்குக் கடந்த டிசம்பர் 28இல் 30 முடிந்தது. ஒப்பந்தத்தின் கடைசி வருடமான 2032இல் அவருக்கு வயது 36.

பேட்ஸ்மன் என்றால் 36இலும் ஏதோ சமாளிப்பார். பிட்சரின் முழங்கை அப்படியல்ல. 1974இல் டொட்ஜர்ஸின் ரொம்மி ஜோனுக்கு மருத்துவர் ஃபிராங் ஜோப் முழங்கைத் தசைநாரை மாற்றி வைத்தார். 1976இல் ஜோன் திரும்பி வந்து அதற்குப் பிறகு 164 ஆட்டம் வென்றார். அன்று அது அதிசயம். இன்று மேஜர் லீக் பிட்சர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவர் அந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். காரணம் வேகம். 2008இல் மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்போலின் சராசரி வேகம் மணிக்கு 91.3 மைல். 2024இல் 94.2. எல்லாரும் எல்லாப் பந்தையும் முழுப் பலத்தோடு எறிகிறார்கள். எலும்பும் தசைநாரும் பழையவைதான்.

இனி டேவிட் பிரைஸ் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று சீஸ், ஸ்கூபல் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் 2015இல் பிரைஸைப் பற்றிச் சொன்னீர்கள்.

2015 ஜூலை 30இல் டெட்ரோயிட்டிலிருந்து பிரைஸ் வந்தார். எங்களுக்காக 9 வெற்றி, 1 தோல்வி. 1993க்குப் பிறகு முதல் முறையாக எங்கள் பிரிவை வென்றோம். ஹோசே பட்டிஸ்டா மட்டையை வீசியெறிந்த ஒக்டோபர் அதுதான். டிசம்பரில் பிரைஸ் பொஸ்டனுக்குப் போனார்: 7 வருடம், 217 மில்லியன். அப்போதுதான் தலைவர் பதவிக்கு வந்திருந்த மார்க் ஷப்பீரோவை அன்று திட்டாதவர் யார்? "கிளீவ்லண்டிலிருந்து வந்த கஞ்சன்" என்றார்கள். அவருடைய நிர்வாகம் எடுத்தது யாரை? ஜே. ஏ. ஹாப்பை 3 வருடம் 36 மில்லியனுக்கும், மார்க்கோ எஸ்ட்ராடாவை 2 வருடம் 26 மில்லியனுக்கும். இரண்டையும் கூட்டினாலும் பிரைஸின் தொகையில் மூன்றிலொன்று வராது. ஹாப் ஏற்கெனவே எங்களோடு ஆடி, பெரிதாகக் கவராமல் போனவர்.

2016இல் ஹாப் 20 வெற்றி, 4 தோல்வி, இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி, குறைந்தால்தான் நல்லது) 3.18. எஸ்ட்ராடா 3.48, ஓல் ஸ்டார் அணியிலும் இடம். வீட்டுப் பிள்ளை ஆரன் சான்செஸ் 15-2. அமெரிக்கன் லீக்கிலேயே ஆகக் குறைந்த இ.ஆர்.ஏ., 3.00. லீக்கில் ஸ்டார்ட்டர்களின் ஆகச் சிறந்த சராசரி எங்களுடையதுதான். ஒரு அணியாக மறுபடியும் லீக் இறுதிச் சுற்று வரை போனோம். பொஸ்டனில் பிரைஸ் 230 இன்னிங்ஸ் எறிந்தார், 17 வெற்றியும் எடுத்தார், ஆனால் இ.ஆர்.ஏ. 3.99. அடுத்த வருடம் முழங்கை. 11 ஆட்டங்களை மட்டுமே அவரால் தொடங்க முடிந்தது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். 2018 வேர்ல்ட் சீரிஸில் இரண்டாவது ஆட்டத்தையும் கிண்ணத்தை முடிவு செய்த ஐந்தாவது ஆட்டத்தையும் வென்றவர் பிரைஸ்தான். பொஸ்டன் ரசிகர் ஒருவரிடம் போய் "217 மில்லியன் வீண்" என்றால் அவர் சாம்பியன் மோதிரத்தைக் காட்டுவார். சரி. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஏழு வருடத்தில் பொஸ்டன் சட்டையோடு அவர் ஆடியது நான்கு வருடம். 2020 பெப்ரவரியில் தங்கள் நட்சத்திர மட்டையாளர் மூக்கி பெட்ஸை லொஸ் ஏஞ்சலிஸுக்கு அனுப்பியபோது பிரைஸையும் சேர்த்து அனுப்பி, அவருடைய மீதிச் சம்பளத்தில் பாதியைத் தாங்களே கட்டினார்கள். பெட்ஸை! அந்த மனிசன் அதற்குப் பிறகு டொட்ஜர்ஸோடு வென்ற கிண்ணங்களில் ஒன்று எங்கள் கையிலிருந்து பறித்தது. பிட்சருக்குக் கொடுத்த ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வருடத்தின் பாரம் எங்கே போய் இறங்கியது என்று பாருங்கள்.

ரொறன்ரோவின் நல்ல வியாபாரங்களை எல்லாம் எண்ணிப் பாருங்கள்; அவை பெரும்பாலும் குறுகியவை. பிட்சர் ரொபி ரே 2020இல் 51 இன்னிங்ஸ் சொச்சத்தில் 45 பேரை வோக் (நாலு பிழையான பந்து எறிந்து சும்மா முதல் பேஸுக்கு விடுவது) கொடுத்து அனுப்பியவர், இ.ஆர்.ஏ. 6.62. அவருக்கு ஒரு வருடம், 8 மில்லியன் கொடுத்தபோது "குப்பை பொறுக்குறாங்கள்" என்றோம். 2021இல் 193 இன்னிங்ஸில் 52 வோக், 248 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது), லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. (அந்த இறுக்கமான காற்சட்டைதான் காரணம் என்று நம்பியவர்களும் எங்களில் உண்டு. நான் பீட் வோக்கர் என்கிற பயிற்சியாளரைத்தான் நம்பினேன்.) விருதை வாங்கிய கையோடு சியாட்டிலுக்கு 5 வருடம் 115 மில்லியனுக்குப் போனார். 2023இல் ஒரேயொரு ஆட்டத்தோடு முழங்கை போய்ச் சத்திரசிகிச்சை. எங்களுக்குக் கிடைத்தது அவருடைய மிகச் சிறந்த வருடம், அதுவும் 8 மில்லியனுக்கு. சியாட்டிலுக்குக் கிடைத்தது பில்.

யூசே கிகுச்சி, 3 வருடம் 36 மில்லியன்: முதல் வருடம் 5.19 என்று ஓடி இடத்தையே இழந்தார், இரண்டாவது வருடம் 3.86. கிறிஸ் பாசிட், 3 வருடம் 63 மில்லியன்: 2023இல் சரியாக 200 இன்னிங்ஸ், 16 வெற்றி, கடந்த ஒக்டோபரில், கிண்ணத்துக்கான சுற்றுகளில், முகம் சுளிக்காமல் புல்பென்னிலிருந்து (இடையில் மாற்றி இறக்கும் பிட்சர்களின் கூட்டத்திலிருந்து) வந்து எறிந்தார். எரிக் லாவர் கொரியாவிலிருந்து மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தவர். 9-2, 3.18. பதினெட்டு இன்னிங்ஸ் ஓடிய அந்த வேர்ல்ட் சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தில் நாங்கள் நித்திரைத் தூக்கத்தில் இருக்க, ஐந்து இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் குறைய ஓட்டம் கொடுக்காமல் நின்றவர் அவர்தான்.

குறுகிய ஒப்பந்தம் எல்லாமே வெல்லும் என்றில்லை. டானர் ரோர்க்கை மறந்துவிட்டீர்களா? 2 வருடம் 24 மில்லியன், 2020இல் 6.80. மறந்திருப்பீர்கள், அதுதான் விஷயமே. அடுத்த வருடத் தொடக்கத்திலேயே அனுப்பிவிட்டார்கள், அந்த வருடம் 91 ஆட்டம் வென்றோம்.

கொரியப் பிட்சர் ஹியூன் ஜின் ரியூவின் 4 வருடம் 80 மில்லியன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதல் வருடம் 2.69, சை யங் வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். எல்லை பூட்டிக் கிடந்ததால் வீட்டு ஆட்டங்களைப் பஃபலோவில் ஆடிய அந்தக் கொரோனா வருடத்தில் எங்களைத் தூக்கி நிறுத்தியவர் அவர். இரண்டாம் வருடம் 4.37. மூன்றாம் வருடம் ஆறே ஆட்டம், சத்திரசிகிச்சை. நாலாம் வருடம் கடைசி இரண்டு மாதம் மட்டும். நான் அந்த ஒப்பந்தத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது ஏழு வருடமாக இருந்திருந்தால் 2026 வரை இப்போதும் கட்டிக்கொண்டிருப்போம் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

2024 குளிர்காலம் பிட்சர் கோர்பின் பேர்ன்ஸ் எங்களிடம் வராமல் அரிசோனாவுக்குப் போனபோது எழுந்த ஓலம் காதில் இன்னும் இருக்கிறது. 6 வருடம், 210 மில்லியன். 11 ஆட்டம் தொடங்கினார். 2025 ஜூனில் சத்திரசிகிச்சை. அந்தப் பணம் எங்களிடம் இருந்ததால்தான் இன்று அதே தொகைக்கு இன்னொருவரைப் பற்றிச் சண்டை பிடிக்க முடிகிறது.

இந்த இடத்தில் நீங்கள் மேசையில் அடித்துக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும்: "அப்படியென்றால் டொட்ஜர்ஸின் யமமோட்டோ?"

கேட்க வேண்டிய கேள்விதான். 12 வருடம், 325 மில்லியன். அதற்கு மேல் ஜப்பானின் ஓரிக்ஸ் அணிக்கு 50 மில்லியனுக்கு மேல். உலகத்திலேயே நீண்ட பிட்சர் ஒப்பந்தம். கடந்த வேர்ல்ட் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸும் தனியாளாக எறிந்து வென்றார். ஆறாவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ். அடுத்த நாளே ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் திரும்பவும் வந்து, எங்கள் கேர்க் அடித்த பந்து டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) ஆகி ஆட்டம் முடியும் வரை நின்றார். அதைப் பார்த்த பிறகு "பிட்சருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்காதே" என்று சொல்ல எனக்கும் நா கூசுகிறது.

ஆனால் அவர் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 25. அந்த 12 வருடத்தில் ஏறக்குறைய முதல் ஐந்து வருடமும் முப்பதுக்குக் கீழே. பெரும்பாலும் ஜப்பான் போன்ற வெளிநாட்டு லீக்கிலிருந்து அணி அனுமதியோடு வருகிறவர்களுக்குத் திறக்கும் கதவு அது. அமெரிக்கக் கல்லூரி வழி வரும் எவரும் அந்த வயதில் சந்தைக்கு வர முடியாது. எனவே யமமோட்டோவைக் காட்டி ஒரு முப்பது வயதுக்காரருக்கு எட்டு வருடம் கேட்காதீர்கள். ஜப்பானியப் பிட்சர் ரோக்கி சசாக்கிக்காக எங்கள் நிர்வாகம் நாயாய் அலைந்ததே, அந்த முயற்சியை நான் முழுமனதோடு ஆதரித்தேன். 23 வயது, வெறும் 6.5 மில்லியன் டொலர் கையெழுத்துப் பணம். கிடைக்கவில்லை. அவருக்குக் கொடுக்கும் வரம்பைக் கூட்டுவதற்காக வாங்கிய மைல்ஸ் ஸ்ட்ரோ கடைசியில் எங்களுக்கு உதவிய விளையாட்டுக்காரராக ஆனார் என்பது வேறு கதை. நட்சத்திரம் ஓட்டானி ரொறன்ரோவுக்கு வர ஏறிவிட்டார் என்று ஒரு விமானத்தை நாங்கள் வானத்தில் பின்தொடர்ந்த 2023 டிசம்பர் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

டொட்ஜர்ஸின் இன்னொரு ஒப்பந்தத்தையும் பாருங்கள். பிளேக் ஸ்னெல், 5 வருடம் 182 மில்லியன். 2025 பருவத்தில் தோள் நோவால் 11 ஆட்டமே தொடங்கினார். வேர்ல்ட் சீரிஸில் முதல் ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் அவரை நாங்கள் வெளுத்தோம். ஐந்தாவதில் அவருக்கு எதிரே நின்றது யெசாவேஜ்: 2024இல் இருபதாவதாகத் தெரிவான பையன், 2025ஐ டனீடினில் கீழ்மட்ட லீக்கில் தொடங்கியவன், 12 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வோக்கும் இல்லை. ஒப்பந்தத் தொகைகள் ஒன்றோடொன்று மோதும் என்றால் அன்று நாங்கள் மைதானத்துக்கே போயிருக்கத் தேவையில்லை. அதே ஸ்னெல் ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து முக்கியமான நாலு அவுட் எடுத்தார் என்பதையும் மறைக்கவில்லை. டொட்ஜர்ஸ் கை உடையும் என்று தெரிந்தே வாங்குகிறார்கள், ஐந்தாறு பேராக வாங்குகிறார்கள், ஒக்டோபருக்கு நாலு கை மிஞ்சினால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும். பிரைஸின் மீதியைச் சுமந்தும் அவர்கள் அசையவில்லை.

எங்களுக்கு? "முதலாளி எட்வர்ட் ரோஜர்ஸின் காசு தானே, உனக்கென்ன" என்பீர்கள். அவர் காசுதான். ஆனால் வருமானம் கனேடிய டொலரில், சம்பளம் அமெரிக்க டொலரில். எங்கள் மட்டையாளர் விளாடிமிர் குரேரோ ஜூனியரின் 14 வருடம் 500 மில்லியன் ஒப்பந்தம் இந்த வருடம்தான் தொடங்குகிறது. அணியின் மொத்தச் சம்பளம் தாண்டினால் லீக்குக்கு வரி கட்ட வேண்டிய கோடு 2026க்கு 244 மில்லியன். அதற்கு மேல் 60 மில்லியன் தாண்டினால் அபராதம் ஆகக் கடுமையான படிக்கு ஏறும். அதைவிட எனக்கு நோவது இளம் வீரர்களை எடுக்கும் ட்ராஃப்ட் தெரிவுகள். பழைய அணி கொடுத்த ஒரு வருட அழைப்பை மறுத்துவிட்டு வருபவரை, வரிக் கோட்டைத் தாண்டிய அணி எடுத்தால், அடுத்த ட்ராஃப்டில் தன் இரண்டாவது, ஐந்தாவது தெரிவுகளை இழக்கும்; வெளிநாட்டு இளைஞர்களுக்கான நிதியில் 1 மில்லியனும் போகும். சீஸுக்காக அதைக் கொடுத்தாயிற்று. வால்டெஸுக்காக இன்னும் கொடுக்க வேண்டுமா?

இனி சீஸ். மேலே சொன்னதை எல்லாம் வைத்துப் பார்த்தால் நான் அவரை எதிர்க்க வேண்டும். எதிர்க்கவில்லை. காரணம் ஒரு வரிசை எண்கள்: 32, 32, 33, 33, 32. 2021 முதல் 2025 வரை ஒவ்வொரு வருடமும் அவர் தொடங்கிய ஆட்டங்கள். இந்தக் காலத்தில் இப்படி ஐந்து வருடம் தொடர்ந்து நின்றவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். ஐந்து வருடமும் 200க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட். பள்ளிக்கூட வயதிலேயே, 2014இல், முழங்கைச் சத்திரசிகிச்சை முடித்துவிட்டார். அதனால்தான் ஆறாவது சுற்று வரை காத்திருந்து தெரிவானார்.

இ.ஆர்.ஏ.யைப் பார்த்துத்தான் நீங்கள் குழம்புகிறீர்கள்: 3.91, 2.20, 4.58, 3.47, 4.55. ஒரு வருடம் சை யங் விருதில் இரண்டாம் இடம், அடுத்த வருடம் சராசரிக்குக் கீழே. 2024இல் வோஷிங்டனில் ஒரு ஹிட்டும் கொடுக்காத ஆட்டம், அடுத்த வருடம் 8-12. ஆனால் ஸ்ட்ரைக்அவுட் எண்ணிக்கை ஐந்து வருடமும் 214க்கும் 227க்கும் இடையில் அசையாமல் நிற்கிறது. மாறியது பெரும்பாலும் மட்டையில் பட்ட பந்து எங்கே போய் விழுந்தது என்பதே. ஸ்ட்ரைக்அவுட், வோக், ஹோம் ரன் ஆகியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் அளவு 2025இல் அவருக்கு 3.5 அளவில்தான் காட்டியது. சாதகக் குறிப்பில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துப் பொருத்தம் இல்லை என்று எழும்பிப் போகிற மாமாமார் மாதிரி, வெற்றி தோல்விப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு எழும்பாதீர்கள். 1992இல் ஜாக் மொரிஸ் எங்களுக்கு 21-6. கொண்டாடினோம். அந்த வருடம் அவருடைய இ.ஆர்.ஏ. 4.04, பின்னால் நின்று ஓட்டம் குவித்தவர்கள் வேறு ஆட்கள். ஒக்டோபரில் மூன்று ஆட்டம் தோற்றார், ஒன்றும் வெல்லவில்லை. அடுத்த வருடம் 6.19.

சீஸிடம் உண்மையான குறை ஒன்று உண்டு, அதைப் பற்றி எவரும் சண்டை பிடிப்பதில்லை. கடந்த வருடம் 32 ஆட்டத்தில் 168 இன்னிங்ஸ். ஆட்டத்துக்கு ஐந்தேகால். கெவின் கோஸ்மன் அதே 32 ஆட்டத்தில் 193, ஏறக்குறைய ஆறு. சீஸ் மட்டையாளர்களிடம் அதிகப் பந்து செலவழிக்கிறார். 2022இல் அந்த அருமையான வருடத்திலேயே மேஜர் லீக்கில் ஆகக் கூடிய வோக் அவருடையதுதான். ஐந்தாவது இன்னிங்ஸில் அவர் இறங்கினால் மீதி நாலையும் புல்பென் சுமக்க வேண்டும். களைத்த புல்பென் என்ன செய்யும் என்று நவம்பர் முதலாம் திகதி இரவு பார்த்தோம். பீட் வோக்கர் ரேயின் வோக்கைக் குறைத்தது போல் இவருடையதையும் குறைத்தால் முதல் நாலு வருடம் கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். கடைசி மூன்று வருடம் கசக்கும். தெரிந்துகொண்டே விழுங்குகிற கசப்பு. ஒரு அணிக்கு அப்படி ஒன்று போதும்.

ஆகவே வால்டெஸ் கட்சிக்கு என் பதில்: நல்ல இடதுகை, இன்னிங்ஸ் தின்பவர், ஆனால் 32 வயது. இரண்டு மூன்று வருடம் என்றால் பேசலாம். ஐந்து என்றால் கதவைச் சாத்துங்கள். ஏற்கெனவே கோஸ்மன், சீஸ், யெசாவேஜ், ஷேன் பீபர், பொன்ஸ், ஹோசே பெரியோஸ், லாவர் என்று ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஏழும் ஜூலை வரை தாங்காது என்பது எனக்கும் தெரியும். பெரியோஸ் முழங்கை நோவோடு ஒக்டோபரைத் தவறவிட்டார். பீபர் 2024இல் சத்திரசிகிச்சை செய்தவர். யெசாவேஜ் போன வருடம் எல்லா மட்டத்திலும் சேர்த்துச் சுமார் 140 இன்னிங்ஸ் எறிந்த 22 வயதுப் பையன். அவனை இந்த வருடம் பொத்தித்தான் பாவிக்க வேண்டும். அலெக் மனோவாவுக்கு என்ன நடந்ததென்று கண்ணால் கண்டோம்: 2022இல் 16-7, 2.24, அடுத்த வருடம் 5.87, பிறகு முழங்கை, பிறகு வேறு அணி. அதற்காகத்தான் லாவர் மாதிரி, ரே மாதிரி சின்ன விலைக்கு இன்னும் ஒருவர். பெரிய விலைக்கு அல்ல.

கடைசியாக ஸ்கூபல் கட்சி. உங்கள் ஆளைப் பற்றி எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் இல்லை. 2024இல் 18-4, 2.39, 2025இல் 2.21, 241 ஸ்ட்ரைக்அவுட்; இரண்டு வருடமும் சை யங். இன்று உலகத்தில் அவரைவிடச் சிறந்த இடதுகைப் பிட்சர் இல்லை. டெட்ரோயிட் இடையில் நீட்டிப்புக் கொடுக்காவிட்டால், 2026 பருவம் முடியச் சந்தைக்கு வருவார். அப்போது அவருக்கு 30 ஆகும். கல்லூரிக் காலத்தில் ஒரு முழங்கைச் சத்திரசிகிச்சை, 2022இல் முன்கைத் தசைநாரில் இன்னொன்று. அவருடைய முகவர் ஸ்கொட் போராஸ். எத்தனை வருடம் கேட்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நான் நிர்வாகத்தின் நாற்காலியில் இருந்தால் நாலு வருடத்துக்கு, வருடம் 50 மில்லியன் என்றாலும், மட்டையும் பிடிக்கிற ஓட்டானியை விட்டால் இதுவரை எந்த ஸ்டார்ட்டரும் வாங்காத சம்பளத்தை எழுதி நீட்டுவேன். எட்டு வருடம் கேட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவேன். நியூயோர்க் மெட்ஸ் அணி 2021இல் பிட்சர் மக்ஸ் ஷெர்சருக்கு 3 வருடம் 130 மில்லியன் கொடுத்தார்கள். சரிவரவில்லை. ஆனால் ஒன்றரை வருடத்தில் சம்பளத்தின் பெரும்பங்கைத் தாங்களே கட்டி, ஒரு இளம் வீரரை வாங்கிக்கொண்டு அவரை டெக்ஸஸுக்கு அனுப்பி வெளியே வந்துவிட்டார்கள். பத்து வருட ஒப்பந்தத்திலிருந்து அப்படி வெளியே வர முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் திகதியோடு முடிகிறது. 2021இல் இதே போல முடிந்தபோது 99 நாள் சந்தை பூட்டிக் கிடந்தது. பூட்டுவதற்குச் சற்று முன்புதான் கோஸ்மனை 5 வருடம் 110 மில்லியனுக்கு எடுத்தோம். நான் நீண்ட ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றுக்கும் எதிர்ச்சாட்சி அந்த மனிதர்தான்: இதுவரை நாலு வருடத்தில் 31, 31, 31, 32 ஆட்டங்கள், ஒரு வருடம் லீக்கிலேயே ஆகக் கூடிய ஸ்ட்ரைக்அவுட். ஆனாலும் அது ஐந்து, ஏழு அல்ல. இந்த வருடத்தோடு முடிகிறது. இந்த மாதம் அவருக்கு 35 ஆனது.

அதனால் என்னுடைய கட்சி இதுதான், யாராவது சேர விரும்பினால் சேரலாம்: ஸ்கூபலுக்கு வரிசையில் நிற்பதற்கு முன்பு, பருவம் தொடங்குவதற்குள் கோஸ்மனுக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டிப்புக் கொடுக்கச் சொல்லிச் சத்தம் போடுங்கள். 35 வயதுக்காரருக்கா என்று முதலில் சிரிப்பீர்கள். ஹாப்புக்கும் சிரித்தீர்கள்.

அன்புடன்,
500ஆம் மட்டத்து இருக்கையிலிருந்து ஒரு ரசிகர்
ரொறன்ரோ, 2026 ஜனவரி